டவர் லைனில் தொங்கும் 'டம்பெல்' எதுக்கு?

செஞ்சியிலிருந்து சீயமங்கலம் குகைக்கோயிலுக்கு பைக்கில் போறீங்களா? வழியில் டவர் லைன் தென்பட்டால் நிறுத்திப் பாருங்க. கம்பியை டவர் தாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் குட்டி டம்பெல் மாதிரி ஒன்று தொங்கும். பறவையை விரட்ட அல்ல.

புயலுக்கு மட்டுமல்ல, சீரான இளங்காற்றுக்கும் மின்கம்பி பயப்படணும். கம்பியைக் கடக்கும் காற்று மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்வதால், அது நொடிக்குப் பத்து முறை, சமயத்தில் நூறு முறைகூட அதிரும். கீழே நிற்கும் நமக்குத் தெரியாது. கட்டுக்கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான்: கிளாம்ப் பிடியில் இழை இழையாக அறும்.

1920-களில் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் உருவாக்கிய 'ஸ்டாக்பிரிட்ஜ் டாம்பர்' இது. கம்பி அதிரும்போது எடைகளும் ஆடும். அவற்றைத் தாங்கும் முறுக்குக் கம்பியின் இழைகள் உரசி, அதிர்வின் ஆற்றல் வெப்பமாகக் கரையும். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. மாட்டும் இடம்தான் முக்கியம்: அதிர்விலும் அசையாத புள்ளியில் மாட்டினால் டம்பெல் சும்மாதான் தொங்கும்.