தொழில் உங்களுடையது, காகிதம் யார் பெயரில்? கொங்குப் பெண்களின் கடன் சந்தேகங்களும் விளக்கங்களும்

கோவையில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுபவர், திருப்பூரில் நான்கு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர், பொள்ளாச்சியில் தென்னை நார் திரிப்பவர், ஈரோட்டில் மஞ்சளும் மசாலாவும் பொட்டலம் போடுபவர் என்று கொங்கு வட்டாரத்தில் பெண்கள் கை வைக்காத தொழில் குறைவு. 2013-14 காலத்தில் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பெண்கள் நடத்தும் நிறுவனங்களில் சுமார் 13.5 சதவீதம் தமிழகத்தில் இருந்தன. மாநிலங்களில் அதுவே முதலிடம். அதே கணக்கெடுப்பு வேறொன்றையும் காட்டியது. நாடு முழுவதும் பெண்கள் நடத்தும் நிறுவனங்களில் 100-க்கு 79 சொந்தப் பணத்தில் ஓடின.

திட்டங்கள் இருந்தும் வங்கிப் பணம் ஏன் பெண்களை எட்டுவதில்லை? தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விளக்கங்கள் இங்கே.

தோட்டம் மாமனார் பெயரில், வீடு வீட்டுக்காரர் பெயரில். என் பெயரில் சொத்தே இல்லை. கடன் கிடைக்குமா?

கிடைக்கும். குறு, சிறு தொழில்களுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே உத்தரவிட்டுள்ளது. அதற்கு மேற்பட்ட தொகைக்கும் வழி உண்டு. மத்திய அரசும் சிறு தொழில் வளர்ச்சிக்கான சிட்பி வங்கியும் சேர்ந்து 2000-ல் அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளை, கடன் திரும்பாவிட்டால் வங்கியின் இழப்பில் பெரும் பகுதியை ஏற்கிறது. பெண்களின் நிறுவனங்களுக்கு அது ஏற்கும் பங்கு மற்றவர்களைவிட அதிகம். உத்தரவாதக் கட்டணத்திலும் சலுகை இருக்கிறது. ‘பத்திரம் கொண்டு வாருங்கள்’ என்று மேலாளர் சொன்னால், ‘உத்தரவாதத் திட்டத்தின் கீழ் பரிசீலியுங்கள்’ என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் கடன் என்கிறார்களே?

தொழில் உங்கள் பெயரில் இருந்து, பிணையில்லாக் கடனும் கேட்கிறீர்கள் என்றால், கணவர் கையெழுத்து கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை. அவர் பெயரிலுள்ள வீட்டை அடமானம் வைத்தாலோ, அவரும் தொழிலில் பங்குதாரராக இருந்தாலோ அவர் கையெழுத்து தேவைப்படும். மணமாகாதவர், கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர் ஆகியோரின் விண்ணப்பத்தையும் கணவர் கையெழுத்து இல்லை என்பதற்காக ஒதுக்க முடியாது.

முத்ரா கடனுக்கு மானியம் உண்டா? எந்தத் திட்டத்தில் விண்ணப்பிப்பது?

முத்ராவில் மானியம் கிடையாது. 2015 ஏப்ரலில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிணையில்லாமல் சிசு பிரிவில் 50 ஆயிரம் வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, தருண் பிரிவில் 10 லட்சம் வரை கடன் கிடைக்கும். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை தரும் பிரிவு 2024-ல் சேர்க்கப்பட்டது. மாவுக் கடை, தையல், அழகு நிலையம் போன்ற ஏற்கெனவே நடக்கும் சிறு தொழிலை விரிவாக்க இது பொருத்தமானது.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். வங்கிகளில் பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்ட மதிப்புக்கு மானியம் உண்டு. பெண்கள் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் சிறப்புப் பிரிவில் வருவார்கள். நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம். சொந்த முதலீடாக 5 சதவீதம் போட்டால் போதும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது இல்லை. உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை.

மாவட்டத் தொழில் மையம், கதர் கிராமத் தொழில் ஆணையம், கதர் வாரியம் ஆகியவற்றின் வழியாக விண்ணப்பிக்கலாம். பொள்ளாச்சி, உடுமலைப் பகுதியில் நார்த் தொழில் தொடங்குவோருக்குக் கயிறு வாரியமும் உண்டு. இந்த அளவுகள் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டவை. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் இருப்பதைத் தொழில் மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மானியப் பணம் கைக்கு எப்போது வரும்?

கைக்கு வராது. பலர் ஏமாறுவது இங்கேதான். அன்னூர் பக்கத்து கிராமம் ஒன்றில் 20 லட்சத்தில் ஒரு பெண் மசாலா அரைக்கும் ஆலை போடுவதாக வைத்துக்கொள்வோம். அவர் போடுவது 1 லட்சம், வங்கி தருவது 19 லட்சம், மானியம் 7 லட்சம். அந்த 7 லட்சம் வங்கியில் அவர் பெயரில் மூன்று ஆண்டுகள் வைப்பாகப் பூட்டி வைக்கப்படும். அதற்கு வட்டி வராது. அதற்கு ஈடான கடன் தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஆலை ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகு மானியம் கடனில் கழிக்கப்படும். ஆக, அவர் உண்மையில் அடைக்க வேண்டிய அசல் 12 லட்சம். இடையில் தொழிலை மூடினால் மானியம் போய்விடும். ‘மானியத்துக்காகக் கடன்’ என்று இறங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பெரிய தொகை தேவை. மாநில அரசின் உதவி என்ன?

புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டத்தை மாநில அரசு 2012-13 முதல் நடத்துகிறது. ‘நீட்ஸ்’ என்றால் தொழில் மையத்தில் புரிந்துகொள்வார்கள். 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம் உண்டு. உச்சவரம்பு 75 லட்சம். வட்டியில் 3 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பார்க்கலாம். 2023-ல் தொடங்கிய அதில் மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 1.5 கோடி, வட்டித் தள்ளுபடி 6 சதவீதம். புதிய தொழில்நுட்ப யோசனையோடு வருபவர்களுக்கு ஸ்டார்ட்அப் தமிழ்நாடு தரும் ‘டான்சீட்’ ஆதார நிதி 10 லட்சம். பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு அது 15 லட்சம்.

பெண்களுக்கு ஒரு கோடி வரை ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’வில் தருகிறார்களாமே?

2016 ஏப்ரலில் தொடங்கிய அந்தத் திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பெண்ணுக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. அதன் காலம் 2025 மார்ச்சோடு முடிந்தது. முதல்முறை தொழில் தொடங்கும் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு 2 கோடி வரை கடன் தரும் புதிய திட்டம் 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. பழைய துண்டறிக்கையோடு வங்கிக்குப் போகாமல், இன்றைய நிலையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இதுவரை கடனே வாங்கியதில்லை. சிபில் மதிப்பெண் இல்லை என்கிறார்கள்.

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரை ஒதுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. வரலாறு இல்லாததும் மோசமான வரலாறும் ஒன்றல்ல. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வங்கிக்குப் போகும் முன் அதை எடுத்துப் பாருங்கள். அடைத்த நகைக் கடன் நிலுவையில் இருப்பதாகவோ, யாருக்கோ போட்ட ஜாமீன் உங்கள் கணக்கில் இருப்பதாகவோ பதிவாகியிருக்கலாம்.

மகளிர் குழுவில் இருக்கிறேன். குழுக் கடனே போதாதா?

இன்றைய மகளிர் குழுக்களுக்கு வழிகாட்டிய முன்னோடி முயற்சி 1989-ல் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. குழுவுக்கு 20 லட்சம் வரை பிணை இல்லாமல் வங்கி கடன் தரும். ஆனால் அது பத்துப் பதினைந்து பேருக்குப் பிரியும்போது, ஆளுக்கு ஒன்றிரண்டு தையல் இயந்திரமோ கறவை மாடோ வாங்கத்தான் காணும். குழுவில் தவணை தவறாமல் கட்டிய கணக்கைக் காட்டி முத்ராவுக்கு நகர்வதே அடுத்த படி.

நுண்நிதி நிறுவனங்களின் வாரக் கடனைக் குழுக் கடனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது உங்கள் தனிப் பெயரில் பதிவாகும். தவறினால் வங்கிக் கதவு அடைபடும். குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் தரக் கூடாது என்பது 2022 முதல் விதி. வீட்டு வாசலில் வந்து மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்க மாநில அரசு 2025-ல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

மேலாளர் ‘பார்க்கலாம்’ என்றே அலைய வைக்கிறார்.

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 25 லட்சம் வரையிலான கடனில், ஆவணங்கள் முழுமையாக இருந்தால் 14 வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். காரணம் தெரிந்தால் குறையைச் சரிசெய்து இன்னொரு வங்கியை அணுகலாம். பதிலே இல்லையென்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தொலைபேசி எண் 14448. ஒன்றை நினைவில் வையுங்கள்: விதியை மீறினார்களா என்றுதான் அவர் பார்ப்பார். உங்கள் தொழிலில் லாபம் வராது என்று வங்கி எடுத்த முடிவை அவர் மாற்ற மாட்டார்.

ஜாப் ஒர்க் முடித்துக் கொடுத்து மாதக்கணக்காகியும் பில் பணம் வரவில்லை. இதற்காகவும் கடன் வாங்குவதா?

திருப்பூரிலும் கோவையிலும் பெண்களின் முதல் முடங்குவது பெரும்பாலும் இங்கேதான். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் 45 நாட்களுக்குள், இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் கோவையிலேயே இருக்கிறது. இந்த உரிமைக்கு அடிப்படை, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு. ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். சரக்கை அனுப்புவதற்கு முன்பே பதிவு இருப்பது பாதுகாப்பு. பில்லும் டெலிவரி சலானும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும்.

மானியம் அதிகம் என்பதால் என் பெயரில் கடன் வாங்கி வீட்டுக்காரர் தொழில் செய்கிறார். தவறா?

கொங்கு வட்டாரத்தில் சகஜமாக நடப்பது. ஆபத்து முழுக்கப் பெண்ணுக்கு. தவணை தவறினால் சிபிலில் கெடுவது உங்கள் பெயர். நீங்கள் கையெழுத்திட்ட காசோலை திரும்பினால் வழக்கு உங்கள் மீது. நேர்முகத்தில் இயந்திரத்தின் விலையோ விற்பனைக் கணக்கோ உங்களுக்குத் தெரியவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். அடுத்து உண்மையாகவே தொழில் தொடங்க வரும் பெண்ணையும் வங்கி சந்தேகத்தோடு பார்க்க இதுவே காரணமாகிறது. கணக்கு பார்க்காத தொழிலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சீர் செய்து கொடுத்தாகிவிட்டது, சொத்தில் பங்கு இல்லை என்கிறார்கள் பிறந்த வீட்டில்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் திருத்தம் தமிழகத்தில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே மணமானவர்கள் அதில் விடுபட்டார்கள்; 2005-ன் மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடையும் நீங்கியது. 2005-ல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையை மாற்ற முடியாது. நோன்புக்குப் பிறந்த வீடு போன இடத்தில் நீட்டப்படும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். தொழிலுக்கான முதல் அதில் போய்விடலாம்.

சொந்தச் சம்பாத்தியத்திலும் உங்கள் பெயரில் சொத்து சேர்க்கலாம். மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள், கடையும் சிற்றுண்டியும் நடத்திச் சேர்த்த காசில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கி விவசாயம் செய்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் இந்தச் சலுகை உண்டு.

கமிஷன் கொடுத்தால் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்களே?

முத்ராவுக்கோ பி.எம்.இ.ஜி.பி.க்கோ முகவர்கள் கிடையாது. ‘கடன் ஒப்புதலாகிவிட்டது, முன்பணம் கட்டுங்கள்’ என்று வரும் கடிதம் மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணில் சைபர் குற்றப் பிரிவை அழையுங்கள்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்து, தொழிலுக்கென்று உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். விற்ற பணம் முழுவதும் அதில் வரட்டும். உத்யம் பதிவு, உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, இயந்திரத்துக்குக் கொட்டேஷன், கடைக்கு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஆடிட்டர் தயாரித்தாலும் அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உழைப்பைப் பார்த்து எந்த வங்கியும் கடன் தருவதில்லை. பதிவைப் பார்த்துத்தான் தருகிறது. எனவே கடன் கேட்டுப் போவதற்கு ஆறு மாதம் முன்பே உங்கள் தொழிலை உங்கள் பெயருக்குக் கொண்டு வாருங்கள்.