கடைசிப் பொருள் ஜெயிக்கும்

கற்பனையாக ஓர் ஊராட்சி மன்றம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது வார்டு உறுப்பினர்கள். கையிலிருக்கும் நிதி ஒரே ஒரு வேலைக்குத்தான் வரும். ஏரி மதகைப் பழுதுபார்க்கலாம். கன்டெய்னர் லாரிகள் குழிபறித்த தெருவுக்குச் சிமென்ட் சாலை போடலாம். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை தெருவிளக்கு போடலாம். மூன்று உறுப்பினர்களுக்கு மதகுதான் முதலில், அடுத்து சாலை, கடைசியில் விளக்கு. இன்னும் மூன்று பேருக்குச் சாலை, விளக்கு, மதகு என்ற வரிசை. மீதி மூன்று பேருக்கு விளக்கு, மதகு, சாலை.

இரண்டிரண்டாக மோதவிட்டுப் பார்ப்போம். மதகா, சாலையா? முதல் மூவரும் கடைசி மூவரும் மதகுக்குக் கை தூக்குவார்கள். ஆறுக்கு மூன்று. சாலையா, விளக்கா? சாலை, ஆறுக்கு மூன்று. மதகு சாலையை வென்றது, சாலை விளக்கை வென்றது. அப்படியானால் மதகு விளக்கையும் வெல்ல வேண்டும் அல்லவா? எண்ணிப் பாருங்கள். விளக்குதான் ஜெயிக்கிறது, அதே ஆறுக்கு மூன்றில்.

எனவே இந்த மன்றத்தில் எந்த வேலையைக் கடைசியாக வாக்கெடுப்புக்கு விடுகிறோமோ, அது ஜெயிக்கும். மதகையும் சாலையையும் முதலில் மோதவிட்டு, வென்றதை விளக்கோடு மோதவிட்டால் விளக்கு. சாலையையும் விளக்கையும் முதலில் எடுத்தால் மதகு. யாரும் பணம் வாங்கவில்லை, யாரும் கட்சி மாறவில்லை, எண்ணிக்கையில் தவறில்லை. கூட்ட அறிவிப்பில் பொருள்களை வரிசைப்படுத்தியவர் ஒருவரே முடிவையும் எழுதிவிட்டார். எந்தப் பொருளை முன்னால் எடுப்பது என்று மன்றங்களில் அரைமணி நேரம் சண்டை நடந்தால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சண்டை போடுகிறவர்களுக்கு விஷயம் தெரியும்.

இந்த வட்டச் சிக்கலைக் கணக்காக எழுதிக்காட்டியவர் பிரெஞ்சுக் கணித மேதை கோந்தர்சே, 1785இல். அதன்மேல் கட்டி 1951இல் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இன்னும் பயங்கரமான ஒன்றை நிறுவினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருந்தால், நாம் நியாயம் என்று நினைக்கும் சில எளிய நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருங்கே நிறைவேற்றும் வாக்கு முறை ஒன்று இருக்கவே முடியாது. 1972இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் தந்திரம் கணக்கைவிடப் பழையது. கி.பி. 105 வாக்கில் ரோமாபுரி செனட்டில் ஒரு வழக்கு. அஃப்ரானியஸ் டெக்ஸ்டர் என்ற பதவியிலிருந்த கான்சல் இறந்து கிடந்தார். தற்கொலையா, வீட்டு ஆட்கள் கொன்றார்களா என்பது தெளிவில்லை. அவரால் விடுவிக்கப்பட்ட அடிமைகளை என்ன செய்வது என்பதில் மூன்று கட்சிகள்: விடுதலை, நாடுகடத்தல், மரணம். இளைய பிளினி விடுதலையை விரும்பினார். இரண்டிரண்டாக எடுத்தால் தன் பக்கம் தோற்கும் என்று கணக்குப் போட்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று வாதாடி ஜெயித்தார். உடனே மரணக் கட்சியின் தலைவர் தன் யோசனையைக் கைவிட்டு நாடுகடத்தல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். பிளினியின் கணக்கு கவிழ்ந்தது. இதையெல்லாம் அவரே நண்பருக்குக் கடிதமாக எழுதிவைத்திருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது.

மன்றக் கூட்டம் சிலர் பேசுவது. கிராம சபை ஊரே பேசுவது. தமிழ்நாட்டில் முன்பு ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறாயின. ஊரின் மக்கள்தொகை 500 வரை இருந்தால் குறைந்தது 50 பேர் வர வேண்டும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200. அதற்கு மேல் 300. இதுதான் குறைவெண். இவ்வளவு பேரைக் கூட்டி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் கோந்தர்சேயிடம் பதில் உண்டு.

வீடு கட்டும் திட்டத்துக்குப் பயனாளிகள் பட்டியல் சபையில் வாசிக்கப்படுகிறது. ஒரு பெயர் உண்மையில் தகுதியானதா, இல்லையா? இதற்குச் சரியான விடை ஒன்று இருக்கிறது. ஊரில் ஒவ்வொருவரும் பத்துக்கு ஆறு முறை சரியாகச் சொல்வார் என்று வையுங்கள். சுமாரான ஆட்கள்தான். அப்படிப்பட்ட ஒன்பது பேரின் பெரும்பான்மை நூற்றுக்கு 73 முறை சரியாக இருக்கும். 101 பேரின் பெரும்பான்மையோ கிட்டத்தட்ட 98 முறை. தனித்தனியாகச் சுமாராக இருப்பவர்கள் கூடினால் மேதையாகிவிடுகிறார்கள். அதே கணக்கு தலைகீழாகவும் ஓடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவரும் பத்துக்கு நான்கு முறைதான் சரி என்றால், கூட்டம் பெருகப் பெருகத் தவறு உறுதியாகும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒவ்வொருவரும் தன் புத்தியால் முடிவெடுக்க வேண்டும். பக்கத்து ஆளைப் பார்த்துக் கை தூக்கினால் 101 பேர் இருந்தும் உண்மையில் வாக்கு ஒன்றுதான். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் கோடுகளைக் காட்டி, எது நீளத்தில் ஒத்தது என்று கேட்டார். குழந்தையும் சொல்லிவிடும் விடை. ஆனால் உடன் இருந்தவர்கள் அனைவரும் அவரோடு பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான விடையை உரக்கச் சொன்னார்கள். நான்கில் மூன்று மாணவர்கள் ஒருமுறையாவது தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னபோது அந்தப் பணிவு சட்டென்று சரிந்தது. விடையை வாயால் சொல்லாமல் எழுதித் தந்தபோதும் அப்படியே.

தலைவர் எதிரே, அரசு அனுப்பிய பற்றாளர் பக்கத்தில், வட்டிக்குப் பணம் கொடுத்தவர் முதல் வரிசையில். இப்படி உட்கார்ந்திருக்கும் சபையில் கை தூக்கச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரி, ஒற்றுமையால் வந்ததா கூச்சத்தால் வந்ததா என்று மையைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுந்து ‘எனக்குச் சம்மதமில்லை, பதிவு பண்ணுங்க’ என்று சொல்லும் அந்த ஒற்றை ஆளை ஊர் வம்புக்காரர் என்கிறது. ஆஷின் கணக்குப்படி சபையின் அறிவைக் காப்பாற்றுகிறவர் அவர்.

இந்தத் தொல்லைகள் எல்லாவற்றையும் வேறு வழியில் கடந்தவர்கள் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை நம் பாடப்புத்தகங்கள் பெருமைக்காகப் படிக்கவைக்கின்றன. நான் அதைப் பொறியியல் ஆவணமாகப் படிக்கச் சொல்வேன். முதலாம் பராந்தக சோழன் காலம். 919இல் ஒரு விதி, 921இல் அதைத் திருத்தி இன்னொரு விதி. இரண்டே ஆண்டில் திருத்தம் என்றால் முதல் முறையில் ஏதோ ஓட்டையைக் கண்டிருக்கிறார்கள். திருத்தத்தில் வயது வரம்பு 30–60 என்பதிலிருந்து 35–70 ஆகிறது. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். கூடியிருக்கும் நம்பிமாரில், அதாவது கோயில் அர்ச்சகர்களில், மூத்தவர் எல்லோரும் காணக் குடத்தை ஏந்தி நிற்கிறார். உள்ளிருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை அவிழ்த்து வேறு குடத்தில் போட்டுக் குலைக்கிறார்கள். அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருகிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். அவர் உரக்கப் படித்ததும் நம்பிமார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக அதே ஓலையைப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு வரியும் ஒரு திருட்டு வழியை அடைக்கிறது. விரல் இடுக்கில் வேறு ஓலை இருக்கலாம், ஆகவே விரித்த கை. படிப்பவர் பெயரை மாற்றிச் சொல்லலாம், ஆகவே எல்லோரும் படிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் ‘குலைத்தல்’. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்கா வியட்நாம் போருக்கு இளைஞர்களை எடுக்கக் குலுக்கல் நடத்தியது. 366 பிறந்தநாள்களை 366 குப்பிகளில் அடைத்து, மாதவாரியாகப் பெட்டியில் போட்டு, சரியாகக் கலக்காமல் எடுத்தார்கள். கடைசியாகப் போட்ட டிசம்பர்க் குப்பிகள் முன்னதாகவே வந்துவிட, ஆண்டுக் கடைசியில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி மாட்டிக்கொண்டார்கள். உத்திரமேரூர் பெருமக்கள் அந்தப் பிழையை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் தடுத்துவைத்திருந்தார்கள்.

தேர்வான 30 பேரில் 12 பேர் ஆட்டை வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் விழாது. கணக்குக் காட்டாமல் போனவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் வெளியே. குடத்தில் வரிசையும் இல்லை, பக்கத்து ஆளைப் பார்த்துக் கை தூக்குவதும் இல்லை, ஆகவே மேலே சொன்ன இரண்டு நோய்களும் அண்டாது. அதற்காக இதை மக்களாட்சியின் உச்சம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அது பிராமண சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்கள் மட்டுமே குடத்துக்குள் போயின. எடுக்கும் முறையில் அவ்வளவு நேர்மை காட்டியவர்கள், எதை உள்ளே போடுவது என்ற கேள்வியை முன்பே முடித்துவைத்துவிட்டார்கள்.

கூச்சத்தால் வராத ஏகமனதுக்கு இதே மாவட்டத்தில் ஏகனாபுரம் சாட்சி. பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக அவ்வூர் கிராம சபை 2022 ஆகஸ்ட் 15 அன்று தீர்மானம் போட்டது. பிறகும் சபை கூடும்போதெல்லாம் போட்டு, பத்து முறையைத் தாண்டிவிட்டது. அதிகாரம் முன்னால் நிற்க, அதன் விருப்பத்துக்கு எதிராகத் திரும்பத் திரும்பத் தூக்கப்படும் கையை ஆஷின் மாணவர்களோடு சேர்க்க முடியாது. ஆனால் ‘வீடு, வயல், ஏரி எங்களுக்கு வேண்டும்’ என்பது சரி தவறு பார்க்கும் கேள்வியும் அல்ல. ஆகவே கோந்தர்சேயின் 98 விழுக்காடு இங்கே உதவாது. அந்தத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு எடை என்பதே இங்கே கேள்வி. 2013இல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் வேதாந்தா நிறுவனத்தின் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. உச்ச நீதிமன்றமே அந்தச் சபைகளைக் கேட்கச் சொல்லியிருந்தது, வன உரிமைச் சட்டம் பின்னால் நின்றது, சுரங்கம் வரவில்லை. இங்கே தொழில்துறைக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது. அது கிராம சபையின் சம்மதத்தைக் கேட்பதில்லை. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. ஒரே மாதிரிக் கைகள்தாம். ஓரிடத்தில் தீர்ப்பு, இன்னோரிடத்தில் மனு.

யார் பெயர் உள்ளே போகும் என்ற உத்திரமேரூர்க் குடத்தின் கேள்வி இந்தத் தொழில் வட்டாரத்தில் வேறு உருவில் நிற்கிறது. அரசியல் சட்டப்படி கிராம சபை என்பது அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். தண்ணீர், கழிவுநீர், குப்பை, இருட்டுச் சாலை எல்லாம் அவர்களுக்கும் உண்டு; வாக்கு பெரும்பாலும் பிறந்த ஊரில். காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டது 2021 அக்டோபரில். அப்போது அந்தக் கட்டடமே திறக்கப்படவில்லை. விடுதி நிரம்பி, அங்கிருப்பவர்கள் பெயரை இங்கே மாற்றிக்கொண்டு, ஐம்பதில் ஒருவர் மட்டும் சபைக்கு வந்து உட்கார்ந்தாலும் 374 பேர். மிகப் பெரிய ஊருக்குக் கேட்கப்படும் குறைவெண்ணே 300தான்.