குழாயின் உட்புறத்தில் ஒட்சிசன்

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லில் தங்கிய மழைநீரைக் கிணற்றில் அள்ளித்தான் வாழ்ந்தோம். அந்த நீரும் பல ஊர்களில் உவராகிவிட்டது. 2024 ஆகஸ்ட்டில் வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை அது தரக்கூடும்.

இத்தகைய நிலையங்களில் கடல்நீரை 55 முதல் 70 பார் வரையான அமுக்கத்தில் மென்சவ்வுக்குள் தள்ளுவார்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. அதைத் தாங்கவே அந்நீர் ஓடும் குழாய்களுக்கு 25 சதவீதம் குரோமியம் கொண்ட சுப்பர் டூப்ளெக்ஸ் எவர்சில்வரைப் பெரும்பாலும் தெரிவுசெய்கிறார்கள். ஆனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குழாயும் வெல்டிங் பிழைத்தால் அந்த மூட்டில்தான் முதலில் ஓட்டையாகும்.

எவர்சில்வரைக் கறள் தீண்டாமல் காப்பது, குரோமியமும் ஒட்சிசனும் சேர்ந்து மேற்பரப்பில் உண்டாக்கும் சில நனோமீற்றர் தடிப்பான படலம். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். குளிர்ந்த உலோகத்துக்கு ஒட்சிசன் காவல். பழுக்கக் காய்ந்த உலோகத்துக்கோ அதுவே பகை. சூட்டில் குரோமியம் மேலே இழுபட்டுத் தடித்த ஒட்சைட்டாகிவிட, அதன் அடியில் குரோமியம் வறண்ட படை மிஞ்சும். வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம், கடைசியில் கருகிய சீனி போன்ற பொருக்கு என்று மூட்டின் நிறமே சேதத்தைச் சொல்லும். குளோரைட்டு அங்கேதான் குழி தோண்டத் தொடங்கும்.

வெல்டிங் செய்யும்போது குழாயின் வெளிப்புறத்தை ரிக் (TIG) வெல்டிங் கைபிடியிலிருந்து வரும் ஆகன் வாயு காக்கிறது. உட்புறத்தில் இருப்பதோ வெறும் காற்று. அதில் 21 சதவீதம் ஒட்சிசன். ஆகவே மூட்டின் இருபுறமும் அடைத்து, உள்ளேயும் ஆகன் செலுத்த வேண்டும். ஆகன் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு அடர்த்தியானது. கீழிருந்து மெதுவாக விட்டால் காற்றை மேல்வழியாகத் தள்ளிவிடும். அவசரப்பட்டு வேகமாகத் திறந்தால் இரண்டும் கலந்துவிடும்.

பத்து இலட்சத்தில் 50 பங்குக்குக் கீழே ஒட்சிசன் இறங்கிய பிறகே மின்வில்லை மூட்டுவது நல்லது. கடல்நீர்க் குழாய்க்கு இன்னும் குறைவாக இருக்க வேண்டும். ‘பத்து நிமிடம் விட்டால் போதும்’ என்ற கைக்கணக்கை நான் ஏற்கமாட்டேன். ஒட்சிசன் மானி கையில் இருக்கவேண்டும்.

எங்கள் பட்டறைகளில் கேற்றும் படிக்கட்டுக் கைபிடியும் மினுங்கச் செய்யும் கைகள் உண்டு. அங்கே வெளிப்பக்கம் வடிவாக இருந்தால் வேலை முடிந்தது. கடல்நீர்க் குழாயில் உட்பக்கமே பிரதானம். வெளியே படிந்த நிறத்தை அமிலப் பசையால் நீக்கலாம். நீண்ட குழாயின் உள்ளே கை எட்டாது. வெல்டிங்கின் முதல் படை முடிந்ததும் ஆகனை மூடுவதும் தவறு. இரண்டாம் படையின் சூடு உள்ளே மறுபடி இறங்கும். மூட்டு போதிய தடிப்பு அடையும்வரை வாயு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.