எழுத்து ஒன்று, ஒலி வேறு

ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் ஏறக்குறைய 44 ஒலிகளைச் சுமக்கின்றன. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அதன்பின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. உயிரொலிகளோ மேலும் இரு நூற்றாண்டுகள் மாறிக்கொண்டே இருந்தன. முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்ற சொல்லின் முதலில் நிற்கும் 'கே' ஒருகாலத்தில் ஒலித்த எழுத்து. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உள்ள 'பி' ஆங்கிலத்தில் ஒலித்ததே இல்லை. லத்தீன் உறவைக் காட்டுவதற்காக அறிஞர்கள் அதைப் பின்னர் செருகினார்கள். ஆகவே எழுத்துக்கூட்டிப் படித்து உச்சரிப்பைக் கண்டுபிடிக்கப் பார்ப்பது பல வேளைகளில் வீண் உழைப்பு.

தமிழ் பேசுபவருக்குச் சில இடறல்கள் தாய்மொழியிலிருந்தே வருகின்றன. 'படு', 'பட்டு' இரண்டும் வேறு சொற்கள். இங்கே மெய் இரட்டித்தால் பொருள் மாறும். அந்தப் பழக்கத்தில் 'சம்மர்', 'ஹாப்பி' என்று அழுத்திச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இரட்டை எழுத்து பெரும்பாலும் முன்னுள்ள உயிர் குறில் என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஒலிப்பது ஒரே மெய்தான்.

'கடல்', 'தங்கம்' இரண்டிலும் 'க' ஒரே எழுத்து. ஆனால் மெல்லினத்தை அடுத்து வரும்போது அதன் ஒலி அதிர்வு பெறுகிறது. இடமே ஒலியை முடிவு செய்வதால் தமிழருக்கு இந்த வேறுபாடு காதில் உறைப்பதில்லை. ஆங்கிலத்திலோ பையையும் (bag) முதுகையும் (back) குறிக்கும் சொற்களைப் பிரிப்பதே கடைசி மெய்தான். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு: பையைச் சொல்லும்போது நடுவிலுள்ள உயிரைச் சற்று நீட்டினால் போதும். ஆங்கிலேயரின் காதும் அந்த நீளத்தைப் பெரிதும் நம்புகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபடாக்ரஃபி' என்ற சொல்லில் இரண்டாம் அசையில். அழுத்தம் நகர்ந்ததும் முதல் உயிர் தேய்ந்து, தெளிவற்ற ஓர் ஒலியாகச் சுருங்குகிறது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிர் இதுவே. உகரம் அரை மாத்திரையாகக் குறுகும் குற்றியலுகரத்தை அறிந்த தமிழருக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. ஆங்கிலம் அந்தக் குறுக்கத்தைப் பல உயிர்களுக்கும், சொல்லின் எந்த இடத்துக்கும் விரிக்கிறது. 'பனானா'வில் நடு அசை மட்டும் ஓங்குகிறது. இரு பக்கமும் தேய்கின்றன. 'கம்ஃபர்ட்டபிள்' பேச்சில் 'கம்ஃப்டபிள்' ஆகிறது. எல்லா அசைகளுக்கும் சம எடை கொடுத்தால், ஒவ்வொரு ஒலியும் சரியாக இருந்தும் கேட்பவருக்குச் சொல் பிடிபடாமல் போகலாம்.

அகராதியில் பொருளுக்கு முன்பே அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். சர்வதேச ஒலிக்குறியீட்டில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு நிற்கும். தேய்ந்த உயிர், தலைகீழாகத் திருப்பிய சிறிய ஆங்கில 'ஈ' (e) எழுத்தாக இருக்கும்.