பெயரிலே மகால், உள்ளே கைதி வாழ்க்கை!

வேலூர் கோட்டை வீடுகளின் கண்ணீர்க் கதை

வேலூர் கோட்டைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் அகழியைப் பார்ப்பார்கள். கோவிலில் கும்பிடுவார்கள். திரும்பி விடுவார்கள். உள்ளே இருக்கும் பழைய மகாலைக் காட்டி, "இது யார் வீடு?" என்று கேட்டால், "ஐதர் அலி வாழ்ந்த வீடுங்க... பேரே ஐதர் மகால் ஆச்சே!" என்று பதில் வரும்.

உண்மை அதுவல்ல.

ஐதர் அலி இந்தக் கோட்டையைப் பிடிக்க 1780-ல் முற்றுகை போட்டார். கோட்டை விழவில்லை. 1782-ல் அவர் காலமானார். அவருக்கு வசப்படாத அதே கோட்டைக்குள் அவருடைய பேரன் பேத்திகள் கைதிகளாக வந்து சேர்ந்தார்கள்!

1799 மே 4-ந்தேதி சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீரமரணம் அடைந்தார். அவருடைய குடும்பத்தை வெள்ளையர்கள் வேலூருக்குக் கொண்டு வந்து மகால்களில் வைத்தார்கள். மானியம் உண்டு; வேலைக்காரர்கள் உண்டு. வெளியே போக மட்டும் உரிமை இல்லை.

கல்யாணமும் கலகமும்

1806 ஜூலை 9-ந்தேதி திப்புவின் மகளுக்குத் திருமணம். சிப்பாய்கள் ஏற்கனவே கொதித்துப் போயிருந்தார்கள். நெற்றியில் சின்னம் கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று உத்தரவு!

மறுநாள் பொழுது விடிவதற்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டையில் திப்புவின் கொடி பறந்தது. ஆற்காட்டில் இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் பலியானார்கள். திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கண்டி ராஜா வந்தார்

அதோடு முடிந்ததா? இல்லை. 1816-ல் அடுத்த ராஜகுடும்பம் வந்தது. இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்! நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. ராணிகளோடு இங்கே அடைக்கப்பட்டார். கண்டி மகால் என்ற பெயர் அவரால் வந்ததே.

16 ஆண்டுகள் ஓடின. 1832 ஜனவரி 30-ந்தேதி இறந்தார். கண்டியை மறுபடி பார்க்கவே இல்லை. பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் அவர் சமாதி இருக்கிறது.

கோட்டை இப்போது மத்திய தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பழைய சுவரில் ஆணியால் பேர் கிறுக்க நினைக்கும் தம்பிமார்களுக்கு ஒரு சேதி: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்!

ராஜாக்களே அடைபட்டுக் கிடந்த இடம். நமக்கு எதுக்கப்பா வம்பு?