பெரிதாக்கிய குழந்தையின் எடை என்ன?

ஒரு வயதுக் குழந்தை ஏறக்குறைய 75 செ.மீ. உயரமும் 10 கிலோ எடையும் இருக்கும். அதை அச்சு அசலாக அப்படியே இரண்டு மடங்கு பெரிதாக்கினால் உயரம் 150 செ.மீ. ஆகிவிடும். எடை? 20 கிலோ என்று சொல்லத் தோன்றும். ஆனால் உயரம் மட்டுமா இரண்டு மடங்கானது? அகலமும் இரண்டு மடங்கு, முன்பின் கனமும் இரண்டு மடங்கு. 2 × 2 × 2 = 8. ஆக, 80 கிலோ!

உங்கள் வகுப்பில் 12 வயதில் 150 செ.மீ. உயரம் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 40 கிலோவை ஒட்டித்தான் இருப்பார்கள். உயரம் இரண்டு மடங்கு, எடை நான்கு மடங்கு. மீதி எங்கே போயிற்று? வளரும்போது நாம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெருப்பதில்லை. கால்கள் நீள்கின்றன, கொழுகொழு கன்னமும் குட்டித் தொப்பையும் வற்றுகின்றன.

எடைக்கும் உயரத்துக்கும் உள்ள இந்த உறவை எடுத்துச் சொன்னவர் மருத்துவர் இல்லை, பெல்ஜியம் நாட்டு வானியலாளர் அடோல்ஃப் கெத்லே! மனிதர்களின் அளவுகளைத் திரட்டி ஆராய்ந்த அவர், வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே மாறுகிறது என்று 1835-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். இன்று டாக்டர்கள் போடும் பி.எம்.ஐ. கணக்கு இதுதான். அந்தப் பெயர் 1972-இல்தான் வந்தது.

எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். எடை கிலோவில், உயரம் மீட்டரில். அம்மா 1.6 மீட்டர், 55 கிலோ என்றால் 55 ÷ 1.6 ÷ 1.6 = 21.5. பெரியவர்களுக்கு 18.5-க்குக் குறையக் கூடாது. இந்தியர்களுக்கு 23-க்குள் இருப்பது நல்லது. உலக அளவில் 25 வரை சரி என்பார்கள். நமக்கு மட்டும் ஏன் குறைவு? அதே எடையிலும் நம் உடலில், முக்கியமாக வயிற்றைச் சுற்றி, கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது.

உடல்வாகும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு லிட்டர் கொழுப்பு சுமார் 900 கிராம். அதே அளவு தசை 1,060 கிராம். நன்றாகப் பயிற்சி செய்த கபடி வீரருக்கு எண் 23-ஐத் தாண்டலாம். அவர் சுமப்பது தசையா கொழுப்பா என்று எடை மெஷினுக்குத் தெரியாது. அதற்கு இடுப்பைப் பார்க்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் தொட்டுக்கொண்டால் நல்லது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆனால் 18.5, 23 என்ற எண்களை உங்களுக்கு வைத்துப் பார்க்கவே வேண்டாம்! 7 வயதுப் பிள்ளை 120 செ.மீ., 22 கிலோ என்றால் விடை 15.3. பெரியவர்கள் கணக்கில் அது மிக மெலிவு. அந்த வயதுக்கோ மிகச் சரியான எடை. ஒரு வயதுக்குப் பிறகு இந்த எண் இறங்கிக்கொண்டே வந்து, ஐந்து ஆறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறும். இது தெரியாமல் ஒல்லி, குண்டு என்று பட்டப்பெயர் வைப்பதும், எடை குறைய வேண்டுமென்று யாராவது காலைச் சாப்பாட்டை விடுவதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அதனால்தான் குழந்தை மருத்துவரிடம் வயதுவாரியாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வளர்ச்சி அட்டை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகள் ஒரே கோட்டை ஒட்டிப் போகின்றனவா என்பதே அவர் பார்ப்பது. திடீரென்று கோடு தாவி மேலே போனாலோ கீழே இறங்கினாலோதான், என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு நேரம் விளையாடுகிறாய், எப்போது தூங்குகிறாய் என்று கேட்கத் தொடங்குவார்.