படுத்துவிட்ட அல்பாகா குட்டி: மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

தென் பெருவின் பூனோ, கூஸ்கோ பகுதிகளில், 4,000 மீட்டருக்கு மேலான மேய்ச்சல் வெளிகளில், அல்பாகாவும் லாமாவும் ஈனும் காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. மழையும் ஆலங்கட்டியும் விழும் மாதங்களும் அவைதான். அப்போது கால்நடை மருத்துவரிடம் தூக்கிவரப்படும் குட்டிகளில் பல, ‘இன்று காலைதான் படுத்தது’ என்ற சொல்லோடு வருகின்றன. உடல் சில்லிட்டு, ஈறு வெளுத்து, கண் குழிந்து வரும் குட்டிக்கு நோய் காலையில் வந்திருக்க வாய்ப்பில்லை. முந்தைய நாளே அது பாலை விட்டிருக்கும். போதாக்குறைக்கு, இரண்டு மூன்று மருந்துகள் அதன் வயிற்றுக்குள் போயிருக்கும்.

நோயை மறைக்கும் குட்டி

இந்த இனம் நோயை வெளியே காட்டாது. ஆடு கத்தும், அல்பாகா குட்டி பேசாமல் உட்கார்ந்துவிடும். ஆகவே சிறிய மாற்றங்களைத்தான் பார்க்க வேண்டும். தாய் நகர்ந்த பிறகும் எழாமல் கிடப்பது, வெயில் ஏறிய பிறகும் துள்ளாமல் இருப்பது, மடியை முட்டி முட்டி விட்டுவிடுவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது ஆகியவை அவசர அறிகுறிகள். இந்தக் குட்டிகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால், வாய் திறந்த மூச்சை ஒரு மணி நேரம்கூடப் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

நலமாகப் பிறந்த குட்டி இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். நான்கு மணி நேரத்துக்குள் பால் குடிக்கும். அதன் உடல் வெப்பம் 37.8 முதல் 38.9 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தாய் குட்டியை நக்கவில்லையே என்று பதறத் தேவையில்லை. அல்பாகாவும் லாமாவும் குட்டியை நக்குவதே இல்லை. தாய் ஒதுக்கிவிட்டது என்று முடிவுகட்டிக் குட்டியைப் பிரித்து எடுத்துப்போவது, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்ப்பதாகும்.

கழிச்சல் இல்லையே, அதனால் வயிற்றுக் கோளாறு இருக்காது என்பது இன்னொரு தவறான கணக்கு. ஆண்டிஸ் மலைகளில் குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் துள்ளுமாரி நோய், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற நுண்ணுயிரியின் நச்சால் வருவது. பிறந்த முதல் சில வாரங்களில் தாக்கும் இந்த நோயில் பல குட்டிகள் கழியாமலேயே சாகின்றன. நன்றாகக் கொழுத்த குட்டியும் தப்புவதில்லை.

முதல் ஒரு மணி நேரம்

மூக்கிலும் வாயிலும் சளியோ பாலோ அடைத்திருந்தால் துடைத்து, குட்டியை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். பக்கவாட்டில் கிடந்தால் நுரையீரலின் ஒரு பக்கம் அமுங்கிப்போகும். அடுத்து ஈரத்தைத் துடைத்துக் கம்பளியால் சுற்ற வேண்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்களை விலாவோரம் வைக்கலாம். அடுப்போரம் கிடத்துவதும், வெறும் பாட்டிலைத் தோலோடு ஒட்டி வைப்பதும் கூடாது. நகர முடியாத குட்டிக்குச் சூடு பட்டால் ஒதுங்கத் தெரியாது. நடுப்பகல் வெயிலில் கிடந்து மூச்சிரைக்கும் குட்டிக்கு இவை எதுவும் வேண்டாம், நிழல் வேண்டும். எது தேவை என்பதை வெப்பமானி சொல்லும், உள்ளங்கை சொல்லாது.

இதற்குள் மருத்துவருக்குத் தகவல் போயிருக்க வேண்டும். கூடுமானால் தாயையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

கைவைத்தியம் செய்யும் கேடு

முதல் கேடு, படுத்திருக்கும் குட்டியின் வாயில் பாலை ஊற்றுவது. உறிஞ்சும் வலு இல்லாத குட்டிக்கு விழுங்கும் வலுவும் இருக்காது. ஊற்றிய பால் புரையேறி நுரையீரலுக்குள் போய், கழிச்சலோடு வந்த குட்டி நிமோனியாவில் சாகும். உடல் குளிர்ந்திருக்கும்போது குடலும் வேலை செய்யாது. ஆகவே முதலில் சூடு, பிறகுதான் பால். குழாய் வழியாகப் பால் ஏற்றுவது பழகிய கைக்கு மட்டும் உரிய வேலை.

சர்க்கரைத் தண்ணீர் அடுத்தது. சோர்ந்த உயிருக்குச் சர்க்கரை தெம்பு தரும் என்ற நம்பிக்கை மனிதரிடமிருந்து வந்தது. லாமா இனத்தில் இன்சுலின் வேலை மந்தமானது. நோயின் நெருக்கடியிலேயே பல குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும். அதன்மேல் குளுக்கோஸையும் ஏற்றினால், மிகுந்த சர்க்கரை சிறுநீரோடு உடலின் நீரையும் இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் உப்புச் செறிந்து தலை ஆடத் தொடங்கும். பால் குடிக்காத பச்சைக் குட்டிக்குச் சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்று அறிய ஒரு சொட்டு ரத்தமும், மனிதர் பயன்படுத்தும் சர்க்கரை மானியும் போதும். அளக்காமல் ஊற்றுவதற்குச் சாக்கே இல்லை.

மூன்றாவது, சந்தையில் கைக்கு எட்டும் ஊசிகள். நீர் வற்றிய குட்டிக்கு ஜென்டாமைசின் போட்டால் சிறுநீரகம் கெடும். வலிநிவாரண ஊசிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் சிறுநீரகத்தோடு வயிறும் புண்ணாகும். துள்ளுமாரியில் நச்சு ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்டதால், நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ‘ஒரு ஊசி போட்டுப் பார்த்தோம், மாலையில் இன்னொன்று போட்டோம்’ என்ற வரலாற்றில் பறிபோவது ஒரு முழுப் பகல். எந்த ஊசி, எவ்வளவு என்பதும் யாருக்கும் நினைவிருக்காது.

மற்றக் கால்நடைகளுக்குச் செய்வதையே இதற்கும் செய்யலாம் என்ற துணிவு நான்காவது. கோழிக்கும் மாட்டுக்கும் விற்கும் மோனென்சின், சாலினோமைசின் கலந்த தீவனம் அல்பாகாவுக்கு நஞ்சு. இதயத் தசையையும் கால் தசையையும் சிதைக்கும். வைட்டமின் டி ஊசியை அளவு மீறிப் போட்டாலும் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

கழியும் குட்டிக்குப் பாலை நிறுத்துவதும், கழிச்சலைக் கட்டக் கசாயம் புகட்டுவதும் பல மேய்ச்சல் நாடுகளில் உள்ள பழக்கம். பாலை நிறுத்தினால் குட்டி பட்டினியால் மெலியும். கழிச்சலைக் கட்டினால் வெளியேற வேண்டிய நச்சு உள்ளேயே தங்கும்.

மருத்துவரிடம்

ரத்தச் சர்க்கரை, உப்புகள், எதிர்ப்புப் புரதம், சாணம் ஆகியவை பரிசோதிக்கப்படும். சாணத்தில் ஒன்றும் தெரியாததால் மட்டும் ஒட்டுண்ணி இல்லை என்று ஆகிவிடாது. எய்மீரியா மக்குசானியென்சிஸ் என்னும் ஒட்டுண்ணி சாணத்தில் தென்பட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே குட்டி இறந்துவிடலாம். சிகிச்சையின் முதுகெலும்பு, அளந்து ஏற்றும் சலைன். சீம்பால் கிடைக்காத குட்டிக்கு வளர்ந்த அல்பாகாவின் பிளாஸ்மா ஏற்றப்படும்.

ஈற்றுக்கு முன்பே

தாயின் எதிர்ப்புப் பொருள் கருவில் இருக்கும் குட்டிக்குப் போவதில்லை. சீம்பால் வழியாக மட்டுமே போகும். ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உள்வாங்காது. முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் வேண்டும். ஏழு கிலோக் குட்டிக்கு ஏறத்தாழ 700 மில்லி, பல வேளைகளாகப் பிரித்து. தாய்க்குப் பால் இல்லையென்றால் நலமான வெள்ளாட்டின் சீம்பாலை உறையவைத்து இருப்பு வைக்கலாம். மேய்ப்பர்களிடம் வருடந்தோறும் கெஞ்ச வேண்டியிருப்பது இதைத்தான்: குட்டி மடியில் வாய் வைத்தது என்பதோடு நின்றுவிடாமல், குடித்ததா என்று பார்க்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டாலே போதும். எடை ஏறாத குட்டி பால் குடிக்காத குட்டி.

தொப்புளை நீர்த்த குளோர்ஹெக்சிடினில் நனைக்க வேண்டும். கடும் அயோடின் தோலைச் சுட்டுவிடும். ஈற்றுக் காலத்தில் சேறும் சாணமும் சேர்ந்த ஒரே பட்டியில் மந்தையை நெருக்கி அடைக்காமல், சில நாட்களுக்கொரு முறை கிடை மாற்ற வேண்டும். செலவே இல்லாத இந்த வேலையைத் தள்ளிப்போடாதிருக்க எத்தனை முறை வேண்டினாலும் தகும். ஒரு வெப்பமானி, ஒரு தராசு, கம்பளி, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை முதல் ஈற்றுக்கு முன்பே பட்டியருகே இருக்க வேண்டும். குட்டியைக் கொண்டுவரும்போது, கொடுத்த மருந்துகளின் குப்பிகளையும் மறைக்காமல் உடன் கொண்டுவர வேண்டும்.